வாசகர் கேட்டவை: பேச்சு நின்றுபோன பிறகு மறுபடி மேடையா?

கேள்வி: ஐயா, மண்டபத்தில் இறால் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். ஞாயிறுதோறும் மதுரையில் இம்ப்ரோவ் காமெடி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். எழுதிவைத்த வசனம் கிடையாது. அந்த இடத்திலேயே பேசி நடிக்க வேண்டும். போன வருஷம் ஒரு நிகழ்ச்சியில் கூட நடித்தவர், "டாக்டர், என் மாமியாரைக் காணோம்" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. அவரே சமாளித்து முடித்தார். அதோடு நின்றுவிட்டேன். மறுபடி சேர ஆசை, ஆனால் நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. தைரியம் வந்த பிறகு போகலாமா?
- பெயர் வேண்டாம், மண்டபம்

பதில்: அது வீட்டில் உட்கார்ந்தால் வராது தம்பி. வகுப்புக்குப் போனால்தான் வரும்.

நான் பல வருஷம் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஹார்மோனியம் வாசித்தவன். தொண்டி, தேவிபட்டினம், சாயல்குடிப் பக்கம் திருவிழா என்றால் பெரும்பாலும் வள்ளி திருமணம்தான். கதாநாயகன் வேஷம் போடும் ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகி வேஷம் போடும் ஸ்த்ரீபார்ட் ஒரு ஊர், கோமாளியாக வரும் பபூன் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். தர்க்கமும் காமெடியும் அன்றைக்கு வாயில் வருவதுதான். ஒருநாள் ராத்திரி, டான்ஸ் ஆடும் அம்மா போட்ட விடுகதைக்குப் பதில் தெரியாமல் பபூன் திகைத்து நின்றார். முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மனுஷன் மெதுவாக என் பக்கம் திரும்பி, "பெட்டிக்காரரே, பதில் உங்க பெட்டிக்குள்ள இருக்கான்னு பாருங்க" என்றார். நான் ஒரு அபஸ்வரத்தை அழுத்தினேன். "அங்கேயும் இல்லையாம்!" என்றார். கூட்டம் அடங்க வெகுநேரம் ஆனது.

திகைப்பை அவர் மறைக்கவில்லை, அதையே ஆட்டமாக்கிவிட்டார். உங்கள் காட்சியையே பாருங்கள். மாமியாரைக் காணோம் என்றதும் டாக்டர் பேச்சு மூச்சில்லாமல் நிற்கிறார் என்றால், யார் மேல் சந்தேகம் வரும்? கதை அங்கேயே கிளம்பிவிட்டது! நீங்கள்தான் அந்த நேரத்தில் நல்ல ஜோக்காகத் தேடிக்கொண்டிருந்திருப்பீர்கள். 1977-ல் கனடாவில் லூஸ் மூஸ் நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கீத் ஜான்ஸ்டோன், சாமர்த்தியம் காட்டாதே, சட்டென்று தோன்றுவதைச் சொல் என்றுதான் சொல்லிக்கொடுத்தார். "எப்போதிலிருந்து காணோம்?" என்று கேட்டிருந்தாலே போதும்.

கூட நடித்தவருக்கு ஒரு போன் போடுங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், மாமியார் கிடைத்தாரா என்று விசாரியுங்கள்.

அப்புறம், டீக்கடையிலேயே பழகலாம். "காத்து ஜாஸ்தி, இன்னைக்குக் கடலுக்குப் போக டோக்கன் குடுக்கலை" என்று போட்டுக்காரர் சொன்னால், "அப்படியா" என்று முடிக்காதீர்கள். "அப்ப கிழிஞ்ச வலையைத் தைக்கிற வேலையா?" என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டே போங்கள். உங்கள் வேலை கேட்பதுதான், சிரிக்க வைப்பது இல்லை.

வயிறு கலக்கட்டும். பேர்போன ராஜபார்ட்களே மேக்கப் போட்டுக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கொஞ்ச நாளைக்கு மேடை வேண்டாம், புதிதாகச் சேர்ந்தவர்களோடு விடுங்கள் என்று பயிற்சியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதிராளி அசைவதைக் கண்ணாடிபோல அப்படியே செய்கிற பயிற்சி, ஆளுக்கொரு சொல்லாகக் கதை சொல்கிற பயிற்சி, இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று கூச்சப்பட வேண்டாம். சிகாகோவில் வயோலா ஸ்போலின் பிள்ளைகளுக்கு விளையாட்டாக நாடகம் சொல்லிக்கொடுத்ததில் தொடங்கியதுதான் இந்தக் கலையே. அவர் மகன் பால் சில்ஸும் நண்பர்களும் 1959-ல் செகண்ட் சிட்டி என்ற காமெடி நாடகக் குழுவை ஆரம்பித்தது அந்தப் பழக்கத்தில்தான்.

ஒரு விஷயம். மொத்தப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். ஒரு வகுப்புக்கு மட்டும் கட்டிப் போய்ப் பாருங்கள். தடுமாறுகிறவரைக் கேலி பண்ணுகிற இடமாக இருந்தால் வேறு வகுப்பு தேடுங்கள்.