நம் நாயோடு நடக்கும்போது, கட்டாத நாய் ஒன்று ஓடி வந்தால் என்ன செய்வது?

முதலில், ஓடாதீர்கள், ஓடினால் துரத்தும். அப்புறம், பயத்தில் கயிற்றைச் சுண்டி இழுக்காதீர்கள். கழுத்து இறுகியதுமே நம் நாய்க்கும் பதற்றம் ஏறி, உறும ஆரம்பித்துவிடும். கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள், ஆனால் தளர்வாக.

வருகிற நாயைக் கவனியுங்கள். உடம்பை நெளித்து, வளைந்து வளைந்து வந்தால் பெரும்பாலும் விளையாட்டுதான். வாயை மூடி, உடம்பு விறைத்து, கண் கொட்டாமல் நேராக வந்தால், உங்கள் நாயைப் பின்னால் விட்டு நீங்கள் நடுவில் நில்லுங்கள். ஒரு பிடி தின்பண்டத்தை வருகிற நாயின் முன்னால் தரையில் வீசுங்கள். அது மோந்து பொறுக்குகிற நேரத்தில் மெதுவாக விலகிவிடலாம். இதற்காகவே என் சட்டைப்பையில் எப்போதும் கொஞ்சம் இருக்கும்.

சண்டை மூண்டுவிட்டால், தயவுசெய்து வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். அந்த வெறியில் சொந்த நாயே கடித்துவிடும்.