கறியைக் கேட்டால் போதாது, சூப்பைக் கேளுங்கள்

தம்பி, அடுத்த மாதம் சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறீர்கள், ஆபீஸ் சீன நண்பர்கள் பேர்போன ஹொக்கியன் (சீனாவின் ஃபூஜியன் பகுதிக்காரர்கள்) நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்கிறார்கள், மாட்டுக்கறி சாப்பிடாத நான் அங்கே என்ன சாப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

மாட்டுக்கறியை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஹொக்கியன் சூப் நூடுல்ஸில் மாடு சேர்க்கும் வழக்கம் இல்லை. குவான் யின் அம்மனைக் கும்பிடும் சீனர்களில் பலர் மாட்டுக்கறியைத் தொடவே மாட்டார்கள். வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் குவான் யின் கோயிலுக்கு வரும் சீனர்கள் பக்கத்திலுள்ள ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலிலும் ஊதுபத்தி வைத்துக் கும்பிடுவதை நீங்களே போய்ப் பார்க்கலாம்.

விசாரிக்க வேண்டியது பன்றியை. இறால் மீ என்று பலகையில் போட்டிருக்கும்; மீ என்றால் நூடுல்ஸ். இறால்தானே என்று நம்மவர்கள் வாங்கிவிடுகிறார்கள். இறால் தலையையும் ஓட்டையும் சிவக்க வறுத்து, பன்றி எலும்போடு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால்தான் அந்தச் சூப்புக்கு அந்த நிறமும் இனிப்பும் வரும். மேலே தூவும் மொறுமொறுப்பான துண்டுகள் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. 'நோ மீட்' என்று சொன்னால் மேலே வைக்கும் கறித்துண்டை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். சூப்பு அதே சூப்புதான். அவர்கள் ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்டதைத்தான் செய்தார்கள். என்னோடு அறையில் இருந்த கும்பகோணத்துக்காரர் சுத்த சைவம். இப்படிக் கேட்டு வாங்கி, பாதிக்கு மேல் குடித்த பிறகு அடியில் இறால் ஓடு கிடந்ததைப் பார்த்துவிட்டு, ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தார். அதனால் சூப்பு எதில் வைத்தது என்று கேளுங்கள். லோர் மீயும் அப்படித்தான்: கெட்டியான கறுப்புக் குழம்பு, வினிகர், நசுக்கின பூண்டு, அதோடு குழம்பிலேயே வெந்த பன்றிக்கறி. பன்றி ஆகாது என்றால் இரண்டுமே வேண்டாம். பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடி நிலையங்கள் பலவற்றில் சீன சைவக் கடை ஒன்று இருக்கும். ஹலால் கடையும் இருக்கும், பல கடைகளில் சான்றிதழை மாட்டி வைத்திருப்பார்கள். நண்பர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து அதைச் சாப்பிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பன்றி சாப்பிடுவீர்கள் என்றால் தயங்காமல் வாங்குங்கள். சூப்பு வேண்டும் என்றால் இறால் மீ என்றே கேளுங்கள். இங்கே வெறுமனே ஹொக்கியன் மீ என்றால் வதக்கிக் கொடுப்பார்கள். பினாங்கில் அதே பெயருக்குச் சூப்பு வரும். மஞ்சள் மீயும் பீஹூனும் (அரிசி சேமியா) பாதிப் பாதியாகக் கேளுங்கள். மிளகாய்த்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள். கிண்ணம் 5, 6 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும், பெரிய இறால் என்றால் விலை இன்னும் கூடும்.

மேசையில் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடம் வேறொருவருடையது, உட்காராதீர்கள். சாப்பிட்டதும் தட்டை எடுத்துப் போய் அதற்கான இடத்தில் வையுங்கள். 2021 செப்டம்பர் முதல் அது சட்டம்; முதலில் எச்சரிக்கை, இரண்டாம் தடவை 300 வெள்ளி அபராதம். வரிசை நீளமாக நிற்கிற கடையில் நம்மவர்கள் நாலு பேர் வாட்டர் பாட்டிலோடு மேசையைப் பிடித்து அரட்டை அடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இருபது வருஷம் இருந்தும் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் ரோட்டைத் தாண்டி ஒரு வாய் சாப்பிடாமல், சீனன் சாப்பாடு நாறும் என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு வராதீர்கள்.

நான் கப்பல் பட்டறைக்கு வொர்க் பெர்மிட்டில் வந்தவன். விடியற்காலையில் கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டுப் பொட்டலம் மத்தியானம் பிரிக்கும்போது புளித்திருக்கும். சொன்னால் கேட்க ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போய், சீனக் கிழவர் ஒருவர் கடையில் ஆவி பறக்க ஒரு கிண்ணம் மீ வாங்கிக் குடித்தால்தான் அந்த வாரம் சாப்பிட்ட மாதிரி இருக்கும். அவருக்கு இங்கிலீஷ் வராது, எனக்குச் சீனம் வராது. 'சாத்து' (ஒன்று), 'பெடாஸ்' (காரம்) என்று மலாயில்தான் பேசிக்கொள்வோம். பழைய தமிழர்களும் சீனர்களும் இங்கே அப்படித்தான் பேசி வியாபாரம் செய்தார்கள். தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்காவும், ஹொக்கியன்காரர்கள் கட்டிய தியான் ஹோக் கெங் கோயிலும் ஒரே தெருவில் நிற்கின்றன. அப்போது அந்தத் தெருதான் கடற்கரை. இரண்டு கூட்டமும் அங்கேதான் வந்து இறங்கியது. பக்கத்திலேயே அமாய் ஸ்ட்ரீட் உணவங்காடி நிலையம், லோர் மீக்குப் பேர்போன இடம். பதினோரு மணிக்கே போய்விடுங்கள். பன்னிரண்டுக்கு ஆபீஸ் கூட்டம் இறங்கிவிடும், ரெண்டு மணிக்கெல்லாம் சில கடைகளில் தீர்ந்துபோகும்.