வாரம் ஒரு புத்தகம் என்று யார் கேட்டது?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வாரம் ஒரு புத்தகம் படித்து மதிப்புரை எழுதுவதாகச் சொல்லித் தொடங்கினேன். இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தது. இப்போது படித்து முடித்த ஐந்து புத்தகங்கள் எழுதப்படாமல் மேசையில் கிடக்கின்றன. தேர்வும் வருகிறது. நேரமே இல்லை, நிறுத்திவிடட்டுமா?

பதில்: மதிப்புரையை ஏன் நிறுத்த வேண்டும்? 'வாரம் ஒன்று' என்ற வாக்குறுதியை நிறுத்துங்கள். அதை விடுமுறையில்தான் கொடுத்திருப்பீர்கள், சந்தேகமே இல்லை.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்துப் பக்கம் படியுங்கள். இருபது நிமிடம் ஆனால், 240 பக்கப் புத்தகத்துக்கு 8 மணி நேரம். 500 சொல் மதிப்புரை எழுதித் திருத்த இன்னொரு 3. ஆக 11. வகுப்பும் அசைன்மென்ட்டும் போக வாரத்தில் 5 மணி நேரம் மிஞ்சினால், ஒரு புத்தகம் இரண்டு வாரத்தைத் தாண்டும். மாதம் ஒன்று என்று மாற்றுங்கள். இரண்டாவது வந்தால் லாபம்.

மேசையில் கிடக்கும் ஐந்துக்கு நேரத்தைக் குறை சொல்லாதீர்கள். படித்து முடித்து, ஆறவிட்டு, பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள். கற்றது மறந்துபோகும் வேகத்தை ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் 1885-லேயே அளந்து வெளியிட்டார்: இழப்பில் பெரும்பங்கு முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. அவர் மனப்பாடம் செய்தது பொருளற்ற அசைகளை. கதை அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் மதிப்புரைக்குக் கதை மட்டும் போதாதே. எந்த இடத்தில் உறுத்தியது, எந்த வாக்கியத்தில் நின்றீர்கள் என்பது வேண்டும். முதலில் மறப்பது அதுதான்.

ஒரு அட்டையைப் புத்தகத்துக்குள் அடையாளமாக வையுங்கள். நிற்கும் இடத்தில் பக்க எண், கூடவே ஐந்தாறு சொல். இப்படி:

87 – கதவு சாத்தும் சத்தம், பேச்சே இல்லை.
112 – மறுபடியும் மழை. போதும்.
143 – கதைசொல்லிக்கு இது எப்படித் தெரியும்?

மூன்றாவது வரியில் உங்கள் மதிப்புரை இருக்கிறது. வெறும் அடிக்கோட்டில் இது கிடைக்காது. எதைக் கோடிட்டோம் என்று தெரியும், ஏன் என்று தெரியாது. நூலகப் புத்தகத்தில் கோடு போடவும் முடியாது.

முடித்த இரண்டு நாளுக்குள் புத்தகத்தை மூடிவைத்து, அட்டையை மட்டும் பார்த்து 25 நிமிடம் எழுதுங்கள். அந்த 143-இல் தொடங்குங்கள். முதல் பத்தி கடைசியில் வரட்டும்; அதை முதலில் எழுத முயன்றுதான் பலரும் ஒரு மாலையைத் தொலைக்கிறார்கள். கதைச் சுருக்கம் 120 சொல்லைத் தாண்டினால் வெட்டுங்கள். சொல்ல எதுவும் இல்லாதபோதுதான் அது வீங்கும்.

அந்த ஐந்தில், புரட்டிப் பார்க்காமல் மூன்று வாக்கியமாவது சொல்ல முடிகிறவற்றை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நூறு சொல், எல்லாம் ஒரே பதிவில். மற்றவை அலமாரிக்குப் போகட்டும், குற்றவுணர்ச்சி தேவையில்லை.

அடுத்த தேர்வு நாட்களில் வெளியிட, செமஸ்டரின் முதல் மூன்று வாரத்திலேயே இரண்டு மதிப்புரைகளைச் சேர்த்து வையுங்கள். எழுதித் திருத்தி முடித்தவை மட்டுமே கையிருப்பு. படித்து வைத்தவை கணக்கில் வராது. தேர்வு நாட்களில் படிக்கத் தோன்றினால் அட்டை இல்லாமல் படியுங்கள். பதிப்பகங்கள் அனுப்பும் இலவசப் பிரதிகளையும் இப்போதைக்கு மறுத்துவிடுங்கள். ஒவ்வொன்றும் தேதி போட்ட கடன்.

பாடத்தில் இருக்கும் நாவலையே மதிப்புரைக்கும் எடுத்துக்கொள்ளலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தாராளமாக. அதே பத்தியை இரண்டு இடத்திலும் போட்டுவிடாதீர்கள். முன்பே வெளியிட்டிருந்தால், அசைன்மென்ட்டைச் சோதிக்கும் மென்பொருள் உங்கள் எழுத்தையே நகல் என்று காட்டக்கூடும். அதைத் துறையில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் ஒப்படையுங்கள், மதிப்பெண் வந்தபின் மதிப்புரையைப் புதிதாக எழுதுங்கள்.