காலை எட்டு மணி லைனும் ஜிபி அப்பொயின்ட்மென்டும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை ஜிபி (குடும்ப டொக்டர்) சேர்ஜரியில் அப்பொயின்ட்மென்ட் எடுப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில் தருகிறோம். இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்தின் நடைமுறை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்குச் சில விதிகள் பொருந்தாது.

கேள்வி: காலை சரியாக எட்டு மணிக்கு போன் அடிக்கிறேன். நீண்ட நேரம் லைனில் நின்ற பிறகு, "இன்றைக்கு எல்லாம் முடிந்துவிட்டது, நாளைக்கு எட்டு மணிக்கு எடுங்கள்" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். மறுநாளும் அதே கதை. என்ன செய்வது? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

அப்படிச் சொல்லி வைத்துவிடக் கூடாது. என்எச்எஸ் (அரச சுகாதார சேவை) ஜிபி சேர்ஜரிகளோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் 2023இல் மாற்றப்பட்டது. நீங்கள் முதல் தடவை தொடர்புகொள்ளும்போதே உங்கள் தேவை என்ன, எவ்வளவு அவசரம் என்று மதிப்பிட ஏற்பாடு செய்ய வேண்டும்; அல்லது பொருத்தமான வேறு சேவைக்கு அனுப்ப வேண்டும். பிறகு எடுங்கள் என்று திருப்பி அனுப்புவது அந்த ஒப்பந்தத்துக்கு முரணானது. அதேநேரம், அன்றே டொக்டரைப் பார்க்கும் உரிமையை இந்த விதி எல்லோருக்கும் தரவில்லை. உங்களுக்கு உரியது மதிப்பீடு. ஆகவே "இன்றைக்கு அப்பொயின்ட்மென்ட் இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "என் பிரச்சினையை இன்றே மதிப்பிட்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மறுத்தால், மறுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, பிராக்டிஸ் மனேஜரோடு (சேர்ஜரியின் நிர்வாகி) கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

எட்டு மணிக்கு லைன் நெரிவதற்குக் காரணம், பல சேர்ஜரிகள் அன்றைய நாளுக்குரிய இடங்களை அந்த நேரத்தில்தான் திறக்கின்றன. காய்ச்சல் கூடிய பிள்ளை, திடீர் நோ போன்றவற்றுக்கான இடங்கள் அவை. பல மாத முழங்கால் உழைவு, பிரஷர் மருந்து மாற்றம், இரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றுக்கு அந்த நெரிசலில் நிற்கத் தேவையில்லை. அவற்றுக்குப் பத்து மணிக்குப் பிறகு எடுங்கள். திங்கட்கிழமையையும் பொது விடுமுறைக்கு அடுத்த நாளையும் தவிருங்கள். இல்லாவிட்டால் சேர்ஜரியின் ஒன்லைன் படிவத்தை நிரப்புங்கள். 2025 ஒக்டோபர் 1 முதல், அவசரமில்லாத தேவைகளுக்கான அந்தப் படிவத்தை வார நாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. காலை ஒன்பது மணிக்கே "இன்றைய கோட்டா முடிந்தது" என்று அதை மூடிவைத்திருந்தால் அதையும் கேள்வி கேட்கலாம்.

வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். அயலில் உள்ள சேர்ஜரிகள் குழுவாகச் சேர்ந்து, வார நாட்களில் மாலை 6.30 முதல் 8 மணி வரையும் சனிக்கிழமை காலை 9 முதல் மாலை 5 வரையும் அப்பொயின்ட்மென்ட் தருகின்றன. அது உங்கள் சொந்தச் சேர்ஜரியில் இல்லாமல் பக்கத்துச் சேர்ஜரியில் இருக்கலாம். ஆனால் உங்கள் ரிசெப்ஷனிலேயே கேட்டுப் பதியலாம். நீங்களாகக் கேட்காவிட்டால் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: ஒன்லைன் படிவத்தில் எழுதினால் "பாமசிக்குப் போங்கள்" என்று ஒரு டெக்ஸ்ட் மட்டும் வருகிறது. டொக்டர் வாசிக்கிறாரா என்றே தெரியவில்லை. (ஹரோ வாசகி)

படிவத்தை வாசிப்பவர் உங்களைப் பார்க்கவில்லை. நீங்கள் எழுதிய நாலு வரிதான் அவருக்குத் தெரியும். "வயிற்றுநோ, டொக்டரைப் பார்க்க வேண்டும்" என்று எழுதினால் அது பாமசிக்கு உரிய வயிற்றுநோவாகவே தோன்றும். எப்போது தொடங்கியது, எந்த இடம், விட்டுவிட்டு வருகிறதா, கூடிக்கொண்டு போகிறதா, எடுத்த மருந்து எது, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று எழுதுங்கள். "பனடோல் போட்டேன், சரிவரவில்லை" என்பதைவிட "பராசிட்டமோல் 500 மில்லிகிராம் இரண்டு குளிசை, நாளுக்கு நாலு தடவை, ஐந்து நாள், நோ குறையவில்லை" என்பதற்கு வேறு பதில் வரும். நீரிழிவு, சிறுநீரக வருத்தம், கர்ப்பம், இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து ஆகியவை உங்கள் ஃபைலில் இருந்தாலும் திரும்ப எழுதுங்கள்.

பல படிவங்களில் "எதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள்?" என்று ஒரு பெட்டி இருக்கும். எங்கள் ஆட்கள் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அதுதான் முக்கியமான பெட்டி. "அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய் வந்தது, எனக்கும் மலத்தில் இரத்தம் கண்டேன்" என்பதை அங்கே எழுதாமல் நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தால், அந்த நேரில் பார்க்கும் வாய்ப்பே பிந்திப்போகும்.

தோல் வருத்தத்துக்குப் படம் கேட்டால், பகல் வெளிச்சத்தில் கிட்டவாக ஒன்றும் சற்றுத் தள்ளி ஒன்றும் எடுங்கள். எங்கள் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் போகலாம். கடும் பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியலாம். அதனால் படத்தை மட்டும் நம்பாமல், தொட்டால் சூடாக இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, பரவுகிறதா என்று எழுத்திலும் சொல்லுங்கள்.

நெஞ்சுநோ, மூச்சு எடுக்க முடியாமை, முகம் ஒரு பக்கம் கோணுதல் போன்றவற்றுக்குப் படிவத்தில் கைவைக்கவே வேண்டாம். 999 அழையுங்கள். இணையம் இல்லாதவர்களைப் படிவம்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. போனிலோ நேரில் போயோ கேட்கும் வழி திறந்திருக்க வேண்டும்.

கேள்வி: ரிசெப்ஷனில் இருப்பவர் என்ன வருத்தம் என்று எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்கிறார். சொல்லத்தான் வேண்டுமா? (க்ரொய்டன் வாசகி)

கட்டாயம் இல்லை. "தனிப்பட்ட விஷயம்" என்று சொல்லலாம், ஒதுக்கமான இடத்தில் கதைக்கக் கேட்கலாம், பெண் டொக்டரைக் கேட்கலாம். ஆனாலும் இரத்தப்போக்கா, கர்ப்பமா, எத்தனை நாளாக என்ற அளவுக்காவது சொல்வது உங்களுக்கு நல்லது. இல்லாவிட்டால் உங்கள் பெயர் அவசரமில்லாத வரிசைக்குப் போகும். டொக்டருக்குள்ள இரகசியக் கடமை ரிசெப்ஷனில் இருப்பவருக்கும் உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, ஆங்கிலம் தெரியாது. ஒவ்வொரு முறையும் நான் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போகிறேன். "மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டிவாருங்கள்" என்கிறது சேர்ஜரி. (டூட்டிங் வாசகர்)

மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது சேர்ஜரியின் வேலை. நோயாளிக்கு அது இலவசம். பிள்ளைகளை, அதுவும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை, இதற்குப் பயன்படுத்தவே கூடாது. பேரப்பிள்ளைக்கு முன்னால் தன் கர்ப்பப்பை வருத்தத்தை எந்த அம்மம்மாவும் சொல்லமாட்டா. அந்த வெட்கத்தால் வருத்தம் பிந்திப் பிடிபடுவது உண்மையான ஆபத்து.

அப்பொயின்ட்மென்ட் எடுக்கும் நேரத்திலேயே கேளுங்கள்; போய் இறங்கிய பிறகு கேட்டால் நேரில் ஆள் கிடைக்காது. இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா, பெண்தான் வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள். வழமையான அப்பொயின்ட்மென்ட் பத்து நிமிடம்தான். ஒவ்வொரு வசனமும் இருமுறை சொல்லப்படும்போது அது போதாது, ஆகவே இரட்டை நேரம் கேளுங்கள். "தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று அம்மாவின் ஃபைலில் நிரந்தரமாகக் குறிக்கச் சொல்லுங்கள். 111ஐ (உயிராபத்து இல்லாத அவசரத்துக்கான என்எச்எஸ் போன் சேவை) அழைத்தாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. அம்மாவின் சம்மதத்தோடு, அவருக்காக நீங்கள் செயற்படும் "ப்ரொக்ஸி அக்செஸ்" படிவத்தைச் சேர்ஜரியில் நிரப்பிக் கொடுங்கள். அனுமதி கிடைத்தால், மாதாந்த மருந்தை உங்கள் சொந்த என்எச்எஸ் அப்பிலிருந்தே கேட்கலாம். சேர்ஜரி அனுமதிக்கும் அளவுக்கு அப்பொயின்ட்மென்டும் எடுக்கலாம். போனில் அவருக்காகக் கதைக்கும் சம்மதத்தையும் தனியாக எழுத்தில் பதியுங்கள். இல்லாவிட்டால் "அவவிடம் போனைக் கொடுங்கள்" என்பதோடு எல்லாம் நின்றுவிடும்.

கேள்வி: பாமசிக்கு அனுப்புவது எங்களைத் தட்டிக்கழிக்கவா? (லெஸ்டர் வாசகர்)

சில வருத்தங்களுக்கு அதுதான் விரைவான வழி. 2024 ஜனவரி 31இல் தொடங்கிய பாமசி ஃபர்ஸ்ட் திட்டத்தில், ஏழு வருத்தங்களுக்குப் பாமசிஸ்டே பரிசோதித்து, தேவையானால் அன்டிபயோட்டிக் உட்பட மருந்து தரலாம்: சைனஸ் அழற்சி (12 வயதுக்கு மேல்), தொண்டைநோ (5க்கு மேல்), பிள்ளைகளின் காதுநோ (1 முதல் 17 வரை), பூச்சிக்கடி புண்ணாதல், இம்பெடைகோ என்ற தோல் தொற்று (இரண்டும் 1 வயதுக்கு மேல்), அக்கி (18க்கு மேல்), பெண்களின் சிக்கலற்ற சிறுநீர்த் தொற்று (16 முதல் 64 வரை). ஆண்களின் சிறுநீர் எரிவுக்கும், கர்ப்பிணிகளின் சிறுநீர்த் தொற்றுக்கும், காய்ச்சலோடு முதுகுப்பக்க நோ இருந்தாலும் பாமசி போதாது. ஜிபி அல்லது 111தான்.

கவுன்டரில் நிற்பவரிடம் வருத்தத்தைச் சொன்னால் இருமல் மருந்தைக் கையில் தந்துவிடுவார். "பாமசி ஃபர்ஸ்ட் கன்சல்டேஷன்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தனி அறைக்குக் கூப்பிடுவார்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை. மருந்துக்கு வழமையான பிறிஸ்கிரிப்ஷன் கட்டணம் உண்டு. விலக்கு உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. பாமசிஸ்ட் பார்த்துவிட்டு "இது என் எல்லைக்கு அப்பால்" என்றால், அதை எழுதித் தரச்சொல்லிக் கேட்டுச் சேர்ஜரியிடம் காட்டுங்கள். இரண்டாவது தடவை தட்டிக்கழிப்பது கடினமாகும்.

கேள்வி: டொக்டர் போன் எடுப்பார் என்றார்கள், எடுக்கவேயில்லை. "இரண்டு தரம் எடுத்தோம்" என்கிறார்கள். (கொவன்ட்ரி வாசகர்)

சேர்ஜரியிலிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் இலக்கம் காட்டாது. தெரியாத அழைப்புகளை மௌனமாக்கும் வசதியை உங்கள் போனில் போட்டிருந்தால், மணியே அடிக்காமல் போய்விடும். அன்றைக்கு மட்டும் அதை நிறுத்திவையுங்கள். சேர்ஜரியில் பதிந்திருப்பது பழைய இலக்கமா என்றும் பாருங்கள். நேரம் தெரிவுசெய்யும் லிங்க்கும் அந்த இலக்கத்துக்குத்தான் டெக்ஸ்டில் வரும், சில நாட்களில் காலாவதியாகும்.

கேள்வி: ஒரே இருமலுக்கு மூன்று தரம் மூன்று வேறு ஆட்களைப் பார்த்தேன். ஒவ்வொருவரும் முதலில் இருந்து தொடங்குகிறார்கள். (இல்ஃபோர்ட் வாசகர்)

2025 செப்டம்பரில் இங்கிலாந்தில் "ஜெஸ் விதி" அறிமுகமானது. புற்றுநோய் பிந்திக் கண்டறியப்பட்டு 27 வயதில் இறந்த ஜெசிக்கா பிரேடியின் பெயரால் வந்தது. ஒரே அறிகுறியோடு, அல்லது கூடிவரும் அறிகுறியோடு, மூன்று தரம் வந்தும் தெளிவான காரணம் கிடைக்காவிட்டால், டொக்டர் தன் முடிவைப் புதிதாக யோசிக்க வேண்டும் என்று அது கேட்கிறது. ஆகவே அப்பொயின்ட்மென்ட் கேட்கும்போதே "இது இதே இருமலுக்கு மூன்றாவது தடவை" என்று திகதிகளோடு சொல்லுங்கள், முன்பு பார்த்த ஒருவரையே கேளுங்கள். அவருக்காக ஒரு கிழமை கூடக் காத்திருக்க நேர்ந்தாலும், அவசரம் இல்லையென்றால் அதுவே மேல். மூன்று கிழமைக்கு மேற்பட்ட இருமலோடு இரவு வியர்வை, மெலிவு, சளியில் இரத்தம் ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம். காசநோய் பரவலாக உள்ள நாட்டில் நெடுநாள் இருந்து வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: முறைப்பாடு செய்தால் பெயரை வெட்டிவிடுவார்களா? வேறு சேர்ஜரிக்கு மாறலாம் என்றால் வீட்டு பில் கேட்கிறார்கள், பில் எல்லாம் அண்ணாவின் பெயரில். (மிச்சம் வாசகி)

முறைப்பாடு செய்ததற்காக நீக்க முடியாது. முதலில் பிராக்டிஸ் மனேஜருக்கு எழுதுங்கள். அவரிடம் சொல்ல விருப்பமில்லையென்றால் உங்கள் பகுதியின் இன்டகிரேட்டட் கெயார் போர்ட்டுக்கு (அப்பகுதி என்எச்எஸ் சேவைகளைப் பொறுப்பேற்கும் சபை) எழுதலாம். இரண்டில் ஒன்றுதான். சம்பவம் நடந்து 12 மாதத்துக்குள் எழுத வேண்டும். கிடைத்ததாக மூன்று வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். "மோசமாக நடத்தினார்கள்" என்பதைவிட, எந்தத் திகதி, எத்தனை மணி, என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, இப்போது என்ன வேண்டும் என்ற ஐந்தும் இருக்கும் கடிதத்துக்குத்தான் பலன். முடிவில் திருப்தி இல்லையென்றால் ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரி) போகலாம்.

மாறுவதற்கு முகவரிச் சான்று, பாஸ்போர்ட், விசா, என்எச்எஸ் இலக்கம் எதுவும் கட்டாயம் இல்லை. இல்லை என்பதற்காகப் பதிவை மறுக்கக் கூடாது. அவர்களின் எல்லைக்கு வெளியே நீங்கள் வசித்தாலோ, புதியவர்களை எடுப்பதை அவர்கள் முறைப்படி நிறுத்தியிருந்தாலோ, வேறு நியாயமான காரணம் இருந்தாலோதான் மறுக்கலாம்; காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பழைய சேர்ஜரிக்கு அறிவிக்கத் தேவையில்லை, புதிய பதிவோடு அது தானாக நின்றுவிடும். ஃபைல் போய்ச்சேரும்வரை இடைவெளி வரும் என்பதால், மாறுவதற்கு முன் மாதாந்த மருந்துகளை எடுத்து வைத்துக்கொண்டு, என்எச்எஸ் அப்பில் உங்கள் மருந்துப் பட்டியலை ஸ்கிரீன்ஷொட் எடுத்துவையுங்கள்.