ஒரு ஆடியோ கூட இல்லாத வாத்தியார்

கேள்வி: போன இதழ்ல கஞ்சிரா வித்வான் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தீங்க. யூடியூப்ல தேடிப் பார்த்தேன், அவர் வாசிச்சது ஒண்ணு கூட கிடைக்கல. காதால கேக்க முடியாத ஒருத்தர எத வச்சு இவ்ளோ பெரிய வாத்தியார்னு சொல்றீங்க? அதோட, கடலோரத்துல இருக்கற நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு வாசகர், மண்டபம்

பதில்: சம்பந்தம் உங்க மாவட்டத் தலைநகர்லயே இருக்கு தம்பி, அதனால ரெண்டாவது கேள்வியிலேர்ந்தே வர்றேன். ராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதின்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை, முருகபூபதி, இந்த மூணு பேரையும் சேர்த்துத்தான் மிருதங்க மும்மூர்த்தின்னு சொல்லுவாங்க. 1914ல பிறந்து 1998 வரைக்கும் இருந்தவர், பத்மஸ்ரீ வாங்கினவர். கலாம் ஐயாவ தெரியும், பாம்பன் பாலம் தெரியும், இவரு பேரு மட்டும் நம்ம பிள்ளைங்களுக்கு ஏன் தெரியலங்கறது எனக்கு ரொம்ப நாளா இருக்கற ஆதங்கம். பேருக்கு முன்னாடி இருக்கே சி.எஸ்., அது அவங்க அப்பா சித்சபை சேர்வை. இந்த வீட்டு வாசிப்பு புதுக்கோட்டை வழி, அந்த வழிய போட்டவர்தான் நீங்க கேக்கற மான்பூண்டியா பிள்ளை. முருகபூபதியோட ரெக்கார்டிங் இருக்கு, தேடிக் கேளுங்க, உங்க முதல் கேள்விக்கு பாதி பதில் அதுலயே கிடைச்சிடும்.

மீதி பாதிக்கு வர்றேன். மான்பூண்டியா பிள்ளை அரண்மனையில விளக்கு பிடிக்கிற வேலையில இருந்தவர்னு சொல்லுவாங்க. தவில்காரர் ஒருத்தர்கிட்ட போய் உக்காந்து லயம் கத்துக்கிட்டவர், மிருதங்க பரம்பரைன்னு சொல்லிக்க பின்னாடி யாரும் கிடையாது. தவிலோட தாளக் கணக்க அப்படியே எடுத்து, கையகலத்துக்கு இருக்கற கஞ்சிராவுல கொண்டு வந்து வச்சார் பாருங்க, அங்கதான் எல்லாம் மாறுச்சு. கஞ்சிராவ கச்சேரி மேடையில ஏத்தி உக்கார வச்சவர் அவர்தான்னு சங்கீதக்காரங்க இன்னைக்கும் சொல்றாங்க. பலாக்கட்டை வளையம், ஒரு பக்கம் மட்டும் உடும்புத் தோல் (இப்ப உடும்ப தொடக்கூடாது, சட்டம் இருக்கு, ஆட்டுத்தோல் போடறாங்க, சிந்தெடிக்கும் வந்துடுச்சு), ஓரத்துல சின்னதா சலங்கைத் தகடு, அவ்ளோதான் வாத்தியம். சுருதி தூக்கிக்கிட்டு நின்னா உள்பக்கம் நாலு சொட்டு தண்ணி தடவி இறக்கணும். நம்ம மண்டபம் பக்கம் ஐப்பசி கார்த்திகையில காத்துலயே அவ்ளோ ஈரம், தோல் தானாவே தொய்ஞ்சு போயிடும். இத்தனூண்டு வாத்தியத்துல ஒரு தனி ஆவர்த்தனத்தையே (பாட்டு நின்னு தாள வாத்தியம் மட்டும் வாசிக்கற இடம்) நடத்திக் காட்டணும்னா கைய விட கணக்குதான் முக்கியம், அந்தக் கணக்கத்தான் அவர் சிஷ்யங்களுக்கு கொடுத்தார்.

கணக்குன்னா பயந்துடாதீங்க, ஒண்ணு மட்டும் போட்டுப் பாருங்க. ததிங்கிணதொம், வாயால சொன்னா த-திங்-கி-ண-தொம்னு 5 எழுத்து. மூணு தடவை சொன்னா 15. ஆதி தாளத்துல பாதி ஆவர்த்தனம் 16 மாத்திரை (ஆவர்த்தனம்னா தாளத்தோட ஒரு முழுச் சுத்து, மாத்திரைன்னா அதுல ஒரு சின்ன எண்ணிக்கை). அப்ப பின்பாதியில முதல் மாத்திரைய சும்மா விட்டுட்டு ரெண்டாவதுல பிடிச்சு மூணு தடவை சொல்லுங்க, முடிஞ்ச உடனே அடுத்த தட்டு நேரா சமத்துல, அதாவது தாளம் ஆரம்பிக்கற இடத்துல, வந்து விழும். விழும்போது உங்களுக்கே தலை ஆடும். இத எழுதி வச்சுப் படிக்க வேணாம், ரெக்கார்ட் பண்ணவும் வேணாம், வாத்தியார் வாயால சொல்லுவார், பையன் தாளம் போட்டுக்கிட்டே திருப்பிச் சொல்லுவான், வாய்ல நின்ன அப்புறம்தான் கைக்கு வரும், தா தி தொம் நம்ல ஆரம்பிச்சு மூணு காலமும் (மூணு வேகம்) இதே முறைதான். அப்படி வாய் வழியா கொடுத்தவர்கிட்ட ஆடியோ எங்கன்னு கேக்கறது நியாயமே இல்ல தம்பி.

அவர்கிட்ட வந்தவங்கள பாருங்க. தட்சிணாமூர்த்தி பிள்ளை, மிருதங்கம் கஞ்சிரா ரெண்டுலயும் ராஜா. பழனி முத்தையா பிள்ளை. முத்தையா பிள்ளையோட மகன்தான் மேல சொன்ன பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962), இடதுகைக்காரர். இடதுகைன்னா மேடையில எல்லாரும் இடம் மாறணும், வயலின்காரர் அந்தப் பக்கம் போகணும், அதுக்கு பல பேர் ஒத்துக்கல, செம்பை வைத்தியநாத பாகவதர்தான் விடாப்பிடியா பக்கத்துல வச்சுக்கிட்டு பாடினார். கை மாறினாலும் பாடம் மாறலயே, அதுதான் வாத்தியாரோட சொத்து! அந்த பழனிகிட்ட படிச்ச டி. ரங்கநாதன் 1963லயே அமெரிக்காவுல வெஸ்லியன் யுனிவர்சிட்டிக்கு சொல்லிக்கொடுக்கப் போனார், திருச்சி சங்கரன் 1971ல டொராண்டோ யார்க் யுனிவர்சிட்டிக்கு போனார். விளக்கு பிடிச்சவர் கணக்குப் போட்ட கோர்வைய (மேல சொன்ன மாதிரி கணக்கா கோர்த்து முடிக்கற சொற்கட்ட) இன்னைக்கு கனடாவுல ஒரு வெள்ளைக்காரப் பையன் தாளம் தப்பாம சொல்றான்னா இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? நம்ம ஊர்லேர்ந்தும் போனாங்க, பாடகர் ராமநாதபுரம் கிருஷ்ணனோட தம்பி ராகவன் அதே வெஸ்லியன்ல மிருதங்கம் சொல்லிக்கொடுத்தவர்.

இன்னொண்ணும் சொல்லணும், உங்களுக்கு மட்டும் இல்ல. கச்சேரி கிடைக்காதவங்கதான் கிளாஸ் எடுப்பாங்கன்னு ஒரு பேச்சு நம்ம பக்கம் ரொம்ப ஓடுது. பிள்ளைய கொண்டு போய் விட்ட முதல் மாசமே எப்ப சார் அரங்கேற்றம்னு கேக்கறது, ரெண்டு வருஷம் ஆகும்னா வேற கிளாஸ் மாத்தறது, ஃபீஸ் மட்டும் பாக்கி வைக்கறது. முருகபூபதியோட அண்ணன் சங்கரசிவம் பாகவதர் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்தவர், மதுரை டி.என். சேஷகோபாலன் அவர்கிட்ட வளர்ந்தவர். ஒரே வீட்டுல ஒருத்தர் மேடையில, ஒருத்தர் பாடம் சொல்ற இடத்துல, இதுல யாரு பெரியவர்னு நீங்க சொல்லுங்க, என்னால சொல்ல முடியாது.

உங்க பக்கம் மிருதங்கமோ தவிலோ சொல்லிக்கொடுக்கறவங்க யாராவது இருப்பாங்க. ஒரு நாள் போய் உக்காந்து, உங்க வாத்தியார் யாரு, அவருக்கு வாத்தியார் யாருன்னு கேட்டு எழுதி அனுப்புங்க. அவங்க சம்மதிச்சா அடுத்த இதழ்ல ஒரு முழுப் பக்கம் தர்றேன்.