அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷனா, ஒரிஜினலா?

கேள்வி: என் 2018 ஸ்விஃப்ட் 80,000 கி.மீ. ஓடிவிட்டது. முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிகிறது. வளைவில் வண்டி ரொம்பச் சாய்கிறது. எப்படியும் மாற்றத்தானே போகிறாய், ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே செட்டாக வரும் அட்ஜஸ்டபிள் காயில்ஓவரே போட்டுவிடு என்கிறான் நண்பன். தினமும் கோவைக்குள் ஓட்டம், அவ்வப்போது குடும்பத்தோடு வால்பாறை. எதைப் போடலாம்?

பதில்: ஒரிஜினலையே போடுங்கள். இப்போது நீங்கள் ஓட்டுவது ஷாக் செத்துப்போன வண்டி. அதை வைத்துக் கம்பெனி சஸ்பென்ஷனே மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். புது ஷாக் போட்டு, ஆழியாறு தாண்டி அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

காயில்ஓவரில் உயரத்தை மாற்றுவது ஒன்று, ஷாக்கின் இறுக்கத்தை மாற்றுவது இன்னொன்று. விலை குறைந்த செட்டுகளில் பெரும்பாலும் முதலாவது மட்டும்தான் இருக்கும். ஸ்பிரிங் உட்காரும் தட்டை மரையில் சுற்றி இறக்கினால் கார் தாழும். கூடவே, குழியில் விழும்போது சக்கரம் மேலேற இருக்கும் இடமும் குறையும். உங்கள் வண்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி, 163 மி.மீ. 30 மி.மீ. இறக்கினால் மிச்சம் 133. வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதி. நம் தெருவில் போடுபவர்கள் அதைப் படித்துவிட்டா போடுகிறார்கள்! ஐந்து பேர் ஏறினால் அடிப்பாகம் உரசும்.

இன்னொன்று, ஸ்விஃப்ட்டின் முன்பக்கம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கே சக்கரத்தை மேலே பிடித்து நிற்கும் அமைப்பு. இதில் காரை இறக்கினால் சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் கோணம் மாறி, ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) கார் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். அதனால் அதே ஸ்பிரிங்கோடு இறக்கினால் சாய்வு நினைத்த அளவு குறையாது. அதை அடக்க விறைப்பான ஸ்பிரிங் வேண்டும். அப்புறம் ஒவ்வொரு குழியும் இடுப்பில் தெரியும். மழையும் சேறும் பட்டு மரை துருப்பிடித்துவிட்டால் அட்ஜஸ்ட் செய்யவும் முடியாது.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் அடிக்கடி ஓட்டுபவராக இருந்தால் பதில் வேறு. இறுக்கமும் மாற்ற முடிகிற நல்ல செட்டாக வாங்கலாம். உயரத்தை மாற்றும்போதெல்லாம் அலைன்மென்ட் பார்க்க வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

உங்களுக்கு அது தேவையில்லை. மிச்சமாகும் பணத்தில் ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாம் புதிதாகப் போடுங்கள். ஷாக்கை ஜோடியாகவே மாற்றுங்கள். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் மாற்றினால், வண்டி ஜாக்கியில் தொங்கும்போது அந்த போல்ட்டை முழுதாக முறுக்க விடாதீர்கள். சக்கரம் தரையில் நின்று எடை ஏறிய பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் புது ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.