போரிலிருந்து திரும்பிய வீரரின் மனதையும் அவர் குடும்பத்தையும் உண்மையாகக் காட்டிய படம் எது?

என் பதில், 1946-ல் வந்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. கறுப்பு வெள்ளைப் படம். ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும், போர்க்களக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது.

இதைக் கேட்டவர் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார், அல்லது இருந்தார் என்று எண்ணிக்கொண்டுதான் எழுதுகிறேன். பொழுது போகாமல் கேட்கிற கேள்வி இல்லை இது.

என் அப்பா ராணுவத்தில் லாரி டிரைவர். எங்களுக்கு வேலூர் பக்கம், வீட்டுக்கு ஒருவர் மிலிட்டரிக்குப் போகிற ஊர். 1987 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டுவிட்டது. அப்பா யாழ்ப்பாணத்தில் கான்வாய் வண்டி ஓட்டினார். சாலையில் மதகு வந்தாலே வயிற்றைப் பிசையுமாம். கண்ணிவெடியை அதற்கு அடியில்தான் வைப்பார்களாம். 1989-ல் ஊருக்கு வந்தார். அப்போது எனக்கு ஏழு வயது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஏரிக்கால்வாய் மேல் ஒரு மதகு உண்டு. அப்பா என்னைச் சைக்கிளில் கூட்டிப் போவார். மதகு வந்ததும் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக் கால்வாயில் இறங்கி அந்தப் பக்கம் ஏறுவார். மழைக்காலத்தில் எனக்கு இடுப்பு வரை தண்ணீர் இருக்கும். அம்மா அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் புத்தகப் பையில் இன்னொரு பாவாடையை மடித்து வைத்து அனுப்பினார், அவ்வளவுதான். நானும் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ராத்திரியில் வேறு. தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, பெண் குரலில் பேசுவது போல, "என்ர பிள்ளையக் கண்டனீங்களே?" என்பார். எங்கள் காதுக்கு அது தமிழாகவே விழவில்லை. பாட்டி காத்து கருப்பு என்று விபூதி போட்டாள். அம்மா மட்டும் முதுகைத் தடவி, "நம்ம வீட்டுலதாங்க இருக்கீங்க, படுங்க" என்பார்.

கல்லூரி விடுதியில் என் அறைத் தோழி அகதி முகாமிலிருந்து வந்தவள். ஒருநாள் அவள் வீட்டாரோடு போனில் பேசும்போது 'என்ர' என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா அத்தனை வருஷமாகத் தூக்கத்தில் பேசியது யாழ்ப்பாணத்துத் தமிழ்!

விடுமுறையில் போய்க் கேட்டேன். ஒரே ஒருமுறைதான் சொன்னார். தமிழ் தெரிந்தவர் என்று வண்டி வேலை இல்லாத நாளில் அவரைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்களாம். மகனைத் தேடி ஒரு அம்மா தினமும் வந்து அதையே கேட்பாராம். "கூட இருந்தவனுக்கெல்லாம் அது அழுகை சத்தம். எனக்கு மட்டும்தானே அது பேச்சு" என்றார். அப்புறம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விட்டார்.

இதை எழுதினால் சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். அங்கே மக்கள் இழந்ததையும் என் அப்பா இழந்த தூக்கத்தையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. அந்த அம்மா இழந்தது மகனை. அதே போல, ராணுவத்தைக் குறை சொல்லவும் எழுதவில்லை. அங்கே 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள், அதில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவை ஒரு டாக்டரிடமும் காட்டவில்லை. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. அமெரிக்க மனநல மருத்துவர்களே இதை, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறாக, பி.டி.எஸ்.டி. என்று தங்கள் கையேட்டில் சேர்த்தது 1980-ல்தான். ஜான் ஹஸ்டன் என்ற இயக்குநர் அமெரிக்க ராணுவத்துக்காக மனநல மருத்துவமனையில் எடுத்த 'லெட் தேர் பி லைட்' ஆவணப்படத்தை அந்த ராணுவமே முடக்கிவைத்து, அதுவும் 1980 வாக்கில்தான் வெளியே வந்தது. நான் சொல்கிற படத்திலும் அந்தப் பெயர் கிடையாது. அதனால்தான் அது எங்கள் வீடு மாதிரி இருக்கிறது. விமானத்திலிருந்து குண்டு போட்ட ஃப்ரெட் தூக்கத்தில் அலறுவான். பெக்கி என்ற பெண் ஓடிவந்து சமாதானப்படுத்தித் தூங்க வைப்பாள். அந்தக் காட்சியில் என் அம்மாவைத்தான் பார்த்தேன். கைகளை இழந்து திரும்பும் ஹோமராக நடித்த ஹரால்ட் ரஸ்ஸல் நிஜமாகவே ராணுவப் பயிற்சியில் வெடி வெடித்து இரண்டு கையையும் இழந்தவர். அந்த ஒரே வேடத்துக்கு இரண்டு ஆஸ்கர் கொடுத்தார்கள். நம் படங்களில் மிலிட்டரிக்காரன் லீவில் வந்தால் ஊர் ரவுடியை அடிப்பான். மதகைக் கண்டு நிற்கிற ஒருவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்பா 2014-ல் போய்விட்டார். கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா குடும்ப பென்ஷனுக்காக வருஷா வருஷம் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். பீடி சுற்றித் தேய்ந்த விரல், மெஷினில் ரேகை விழாது. போன வருஷம் வங்கியில் ஒருவர், எதிரே நிற்கிற அம்மாவிடமே, "நீங்க உயிரோட இருக்கீங்கன்னு சிஸ்டம் ஒத்துக்கலம்மா" என்றார். மூன்று நாள் அலைந்தோம். இரண்டு மாதம் பென்ஷன் நின்றது. இந்தப் பெண்கள் செய்ததற்கு யாரும் மெடல் கொடுக்க வேண்டாம், உட்கார ஒரு நாற்காலியாவது கொடுத்திருக்கலாம்.

சரி, படத்துக்கு வருகிறேன். அம்மாவோடு உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே பார்த்தேன். ஹோமர் தான் கட்டிக்கொள்ளப் போகிற வில்மாவைத் தன் அறைக்கு அழைத்து, கைக்குப் பதிலாக மாட்டியிருக்கும் இரும்புக் கொக்கிகளைக் கழற்றினால் ராத்திரியில் தன்னால் எதுவுமே முடியாது என்று காட்டுகிற காட்சி வரும். அவள் பதறாமல் அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுப் போர்த்திவிடுவாள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் கழட்டிக் காட்டிட்டான் பாரு. உங்கப்பா உன்கிட்டயாவது ஒரு தடவ சொன்னாரு. என்கிட்ட கடைசி வரைக்கும் சொல்லல" என்றார்.

மிச்சப் படத்தை மறுநாள்தான் பார்த்தோம்.